சென்னையின் எஃப்சி ஆடிய பைனல்கள்: வேலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டை மைதானத்துக்குப் பந்து உதைக்க வரும் பையன்களுக்கு மெஸ்ஸி தெரியும், ரொனால்டோ தெரியும், இங்கிலாந்தில் எந்த கிளப் எத்தனை கோப்பை வைத்திருக்கிறது என்பதும் தெரியும். நான் போட்டிருக்கும் நீலச் சட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது எந்த டீம்?" என்பார்கள். சென்னையின் எஃப்சி என்று சொன்னதும் கேள்விகள் வரிசையாக வரும். பத்து வருடமாக ஒரே பதில்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எழுதி வைத்துவிட்டால் வாய் மிச்சம்.

மொத்தம் எத்தனை பைனல்? எத்தனை கோப்பை?

நான்கு பைனல், இரண்டு கோப்பை. 2015-இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பைனலில் கோவாவை 3–2 என்று வென்றோம். 2018-இல் பெங்களூருவை அதே 3–2 கணக்கில் வென்றோம். 2019-இல் சூப்பர் கோப்பை என்ற தனிப் போட்டியின் பைனலில் கோவாவிடம் 1–2 என்று தோற்றோம். 2020-இல் ஐஎஸ்எல் பைனலில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 1–3 என்று தோற்றோம்.

கூட்டிப் பார்த்தால் நான்கு பைனலிலும் சேர்த்து நாம் அடித்தது எட்டு கோல், வாங்கியது ஒன்பது. கணக்குப்படி நஷ்டம்தான். ஆனால் அலமாரியில் இரண்டு கோப்பை இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? நான்கில் ஒன்றுகூடச் சென்னையில் நடக்கவில்லை. வென்ற இரண்டுமே எதிராளியின் சொந்த மைதானத்தில், அவர்கள் ஆட்கள் நிரம்பிக் கத்திக்கொண்டிருக்கும்போது வென்றவை. தோற்ற இரண்டும் பொது இடத்தில். அதில் ஒன்று ஆளே இல்லாத மைதானத்தில். நம்மை யாராவது திட்டினால்தான் நமக்கு ஆட்டம் வரும் என்பது என் சித்தாந்தம். நிரூபிக்க முடியாது. ஆனால் கீழே உள்ள கதைகளைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பெயரே அரைகுறையாக இருக்கிறதே? "சென்னையின்" என்ன?

எங்கள் தமிழ் ஐயா இருந்திருந்தால் முதல் நாளே சிவப்பு மை அடித்திருப்பார். வேற்றுமை உருபு இருக்கிறது, அதற்கு அடுத்து வரவேண்டிய பொருளைக் காணோம். சென்னையின் கோப்பையா, சென்னையின் பெருமையா, சென்னையின் தலைவலியா என்பது அந்தந்த சீசனைப் பொறுத்தது. அணி 2014-இல் ஐஎஸ்எல் தொடங்கியபோதே தொடங்கப்பட்டது. அபிஷேக் பச்சன், வீட்டா தானி, தோனி ஆகியோர் உரிமையாளர்கள். இந்தத் தோனி பெயரைச் சொன்னால்தான் நம் ஊர்ப் பையன்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

2015 பைனலை மட்டும் ஏன் எல்லாரும் இன்னும் பேசுகிறார்கள்?

பைனலை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். அந்த சீசனில் அணி பாதி வழியில் அட்டவணையின் அடியில் கிடந்தது. அப்புறம் லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் வரிசையாக வென்று மூன்றாவது இடத்துக்கு ஏறியது. அதே நாட்களில்தான் சென்னை வெள்ளம். டிசம்பர் முதல் வாரம் விமான நிலையமே மூடிக்கிடந்தது, ரயில்கள் ரத்து. காட்பாடி ஜங்ஷனில் மூட்டை முடிச்சோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த கூட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த நிலையில் நேரு ஸ்டேடியத்தில் செமிபைனல் நடத்த வழியில்லை. டிசம்பர் 12-ஆம் தேதி நம் "சொந்த மைதான" ஆட்டத்தைப் புனேயில் ஆடினோம். ஏடிகேயை 3–0 என்று வென்றோம். கொல்கத்தாவில் 1–2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4–2, பைனலுக்குப் போய்விட்டோம்.

டிசம்பர் 20, ஞாயிறு, கோவாவின் ஃபடோர்டா மைதானம். எதிரே லீக்கில் முதலிடம் பிடித்த எஃப்சி கோவா, அவர்களுக்குப் பயிற்சியாளர் பிரேசிலின் ஜிகோ. நமக்கு மார்கோ மாத்தராத்ஸி. 2006 உலகக் கோப்பை பைனலில் ஜிடேன் நெஞ்சில் முட்டினாரே, அந்த முட்டை வாங்கியவர் இவர்தான். அதே பைனலில் இத்தாலிக்குச் சமன் கோலை அடித்தவரும் இவரே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதல் பாதியில் கோல் இல்லை. 54-வது நிமிடத்தில் நமக்குப் பெனால்டி. புரூனோ பெலிசாரி அடித்ததைக் கோவா கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி தடுத்தார், திரும்பி வந்த பந்தைப் பெலிசாரியே உள்ளே தள்ளினார். நான்கு நிமிடத்தில் ஹவோகிப் அடித்து 1–1. அப்புறம் நமக்கு இன்னொரு பெனால்டி. இந்த முறை மென்டோசா. அதையும் கட்டிமணி தடுத்துவிட்டார். 87-வது நிமிடத்தில் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கில் அடித்த கோலோடு கோவா 2–1 என்று முன்னால் போனது.

அந்த நேரத்தில் சத்துவாச்சாரியில் என் மாமா வீட்டில் டிவியை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு நேரம். நான் மட்டும் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழாமல் உட்கார்ந்திருந்தேன். 90-வது நிமிடம், உள்ளே வந்த பந்தைத் தட்டிவிடப் பார்த்த கட்டிமணியின் கையிலிருந்தே அது வலைக்குள் போனது. 2–2. கூடுதல் நேரத்தின் இரண்டாவது நிமிடம், மென்டோசா. 3–2. சோறு என்ன ஆனது என்று கேட்காதீர்கள், அத்தை இன்னமும் சொல்லிக்காட்டுகிறார்.

87-இல் பின்தங்கி, 92-இல் கோப்பை. அந்த சீசனில் 13 கோல் அடித்து மென்டோசாதான் அதிக கோல் அடித்தவர். வெள்ளத்தில் வீட்டை இழந்த ஊருக்கு ஒரு பந்தாட்டம் என்ன செய்துவிடும் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் அன்று ராத்திரி பெரம்பூரில் இருந்த என் சிநேகிதன் போன் செய்தான். வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை காயவே இல்லை, அவன் பேசியதெல்லாம் மென்டோசா.

அப்படியானால் கட்டிமணிதான் கோவாவின் தோல்விக்குக் காரணமா?

இந்தக் கேள்வி கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஒரு பைனலில் இரண்டு பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பரை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அவர் தடுக்காவிட்டால் ஆட்டம் முன்னாடியே முடிந்திருக்கும். முன்கள ஆட்டக்காரன் பத்து தடவை கோட்டைவிட்டு ஒன்று அடித்தால் ஹீரோ. கோலி பத்தைப் பிடித்து ஒன்றை விட்டால் ஆயுசுக்கும் அந்த ஒன்று. நான் நம் கட்சிதான், ஆனால் அன்று ஆட்டம் முடிந்தபின் அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

2018 பைனலுக்கு நீங்கள் நேரில் போனீர்களாமே?

போனேன். வேலூர்க்காரனுக்கு அதைவிட வசதியான பைனல் இனி அமையாது. ஒரு பக்கம் சென்னை, இன்னொரு பக்கம் பெங்களூரு, நடுவில் காட்பாடி. நம் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பாதிப் பேர் கிழக்கே ரயில் ஏறுகிறார்கள், பாதிப் பேர் மேற்கே. ஒரே தெருவில் இரண்டு கட்சிக்கும் ஆள் இருந்த ஒரே பைனல் அது.

மார்ச் 17, சனிக்கிழமை. காலையில் காட்பாடியில் பிருந்தாவன் ஏறினேன். ஜோலார்பேட்டை, பங்காருப்பேட்டை தாண்டி, மதியம் கன்டோன்மென்ட்டில் இறங்கினேன். நீலச் சட்டை போட்டிருந்தேன். அங்கேதான் வேடிக்கை. பெங்களூரு எஃப்சியின் நிறமும் நீலம்தான். ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியத்தில் எனக்குக் கிடைத்ததோ அவர்கள் ஆட்கள் நடுவில் ஒரு டிக்கெட். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதாவது நிமிடம், சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டினார், கோல். மொத்த ஸ்டாண்டும் எழுந்தது. பக்கத்து இருக்கைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னடத்தில் என்னவோ சொன்னார். நான் பல்லைக் காட்டினேன், வேறு என்ன செய்ய.

17-வது நிமிடம் நமக்குக் கார்னர். மயில்சன் ஆல்வெஸ் என்ற நம் தடுப்பாட்டக்காரர் உயர்ந்து எழும்பி முட்டினார், 1–1. என்னை அறியாமல் நான் குதித்துவிட்டேன். சுற்றி ஒரே அமைதி. பின்வரிசையில் இருந்து ஒரு குரல், தமிழில், "அண்ணே, உட்காருங்க, நீங்க எந்த ஊரு?" "வேலூர்ப்பா." "நான் ஆம்பூர். இங்கதான் வேலை. நான் இவங்க கட்சி." அதற்குப் பிறகு அவன்தான் எனக்குப் பாதுகாப்பு.

இடைவேளைக்குச் சற்று முன், 45-வது நிமிடத்தில், இன்னொரு கார்னர், அதே ஆல்வெஸ், அதே தலை. 2–1. ஒரு பைனலில் தடுப்பாட்டக்காரர் ஒருவர் இரண்டு முறை முட்டிக் கோல் போடுவது சாதாரண விஷயமில்லை. எதிரணி முதல் தடவையே பாடம் கற்றிருக்க வேண்டும். 67-வது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ தூரத்திலிருந்து அடித்து 3–1. கடைசியில், கூடுதல் நேரத்தில், மீக்கு ஒன்று போட்டார். 3–2. விசில்.

பெங்களூருவுக்கு ஐஎஸ்எல்லில் அதுதான் முதல் சீசன். லீக்கில் 40 புள்ளிகளோடு முதலிடம். இரண்டாவது வந்த நமக்கு 32. எட்டுப் புள்ளி வித்தியாசம். எந்தப் பக்கம் பார்த்தாலும் அவர்கள்தான் கெட்டி. ஆம்பூர்ப் பையன் என் கையைக் குலுக்கிவிட்டு, "சரி, பிரியாணிக்குக் காசு நீங்கதான் தரணும்" என்றான். ஜெயித்தவன் வாங்கித் தருவது என்பது எந்த ஊர் நியாயமோ. அன்று ரயிலைத் தவறவிட்டு, சாந்திநகரில் பஸ் பிடித்து, கிருஷ்ணகிரி வழியாக விடியும்போது வேலூர் வந்து சேர்ந்தேன். கால் மடக்க இடமில்லாத சீட்டு. அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அந்த அணியின் பயிற்சியாளர் யார்? மாத்தராத்ஸியேவா?

இல்லை, ஜான் கிரெகரி. இங்கிலாந்துக்காரர். 2000-ஆம் ஆண்டு எஃப்ஏ கோப்பை பைனலில் ஆஸ்டன் வில்லா செல்சியிடம் 0–1 என்று தோற்றதே, அந்த வில்லாவுக்குப் பயிற்சியாளர் இவர்தான். பழைய வெம்ப்ளி மைதானத்தை இடிப்பதற்கு முன் நடந்த கடைசி எஃப்ஏ கோப்பை பைனல் அது. பதினெட்டு வருடம் கழித்து கண்டீரவாவில் அவர் கையில் கோப்பை.

2019 சூப்பர் கோப்பை பைனலைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச அவ்வளவு இல்லை. முந்தைய வருடச் சாம்பியன் அந்த ஐஎஸ்எல் சீசனில் கடைசி இடம், பதினெட்டு ஆட்டத்தில் ஒன்பதே புள்ளி. முகம் காட்ட முடியாத வருடம். அதற்குப் பிறகு நடந்த சூப்பர் கோப்பையில் எப்படியோ பைனல் வரை போய்விட்டார்கள். ஏப்ரல் 13, புவனேஸ்வரின் கலிங்கா ஸ்டேடியம். இரண்டாம் பாதி தொடங்கியதும் கோவாவின் கோரோமினாஸ் அடித்தார், மூன்று நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ சமன் செய்தார், 64-இல் பிராண்டன் ஃபெர்னாண்டஸ் முடித்துவைத்தார். 1–2.

ரஃபேலுக்கு ஒரு சபாஷ் மட்டும் போட்டுவிட்டுப் போகிறேன். 2018 பைனலிலும் கோல், 2019 பைனலிலும் கோல். நம் அணிக்கு இரண்டு பைனலில் கோல் அடித்தவர் அவர் ஒருவர்தான். ஆல்வெஸ் அடித்த இரண்டும் ஒரே பைனலில்.

2020 பைனலில் என்ன ஆயிற்று?

அதுதான் என்னை இன்னும் உறுத்துவது.

சீசன் தொடங்கி ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. கிரெகரி விலகினார், டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 2009-இல் வெம்ப்ளியில் நடந்த பிளேஆஃப் பைனலை வென்று பர்ன்லியை பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோனவர். பைனல் வெல்லத் தெரிந்த மனுஷன். வந்ததும் அணியின் நடையே மாறிப்போனது. லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் கோலாக அடித்துத் தள்ளினார். அந்த வருடம் அவர் அடித்தது 15. ஏடிகேயின் ராய் கிருஷ்ணாவும் கேரளாவின் ஓக்பெச்சேவும் அதே 15, ஆனால் தங்கக் காலணி வால்ஸ்கிஸுக்கே கிடைத்தது. நான்காவது இடம் பிடித்துச் செமிபைனலில் கோவாவைச் சந்தித்தோம். சென்னையில் 4–1. கோவாவில் 2–4. மொத்தம் 6–5. அந்த இரண்டாவது ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் இரண்டு வயது கூடியிருக்கும்.

பைனல் மார்ச் 14, மறுபடியும் ஃபடோர்டா. நான் சீட்டு எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், கொரோனா காரணமாகப் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை என்று அறிவித்துவிட்டார்கள். பத்து நாளில் நாடே மூடப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். டிவியில் பார்த்தேன். காலி நாற்காலிகள். பந்தை உதைக்கும் "தப்" என்ற சத்தம் கேட்கிறது, பயிற்சியாளர் கத்துவது கேட்கிறது. பொங்கலுக்குக் கூட்டம் இல்லாத கோயிலுக்குள் நுழைந்தது போல இருந்தது.

10-வது நிமிடத்தில் ஹாவி எர்னாண்டஸ். நாம் திருப்பித் தாக்கினோம், நன்றாகவே தாக்கினோம், ஏடிகே கோல்கீப்பர் அரிந்தம் பட்டாச்சார்யா வந்ததையெல்லாம் பிடித்தார். இடைவேளை முடிந்து வந்ததும் 48-இல் எடு கார்சியா, 2–0. 69-இல் வால்ஸ்கிஸ் ஒன்று போட்டார். 2015-ஐப் பார்த்தவனுக்கு அந்த இடத்தில் என்ன தோன்றும்? இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதே என்றுதான். எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டோம், கடைசி நொடிகளில் எர்னாண்டஸ் மறுபடி வந்து கதவைச் சாத்திவிட்டார். 1–3. ஏடிகேக்கு மூன்றாவது கோப்பை.

நான் மேலே சொன்ன சித்தாந்தம் அன்றுதான் பிறந்தது. அந்த மைதானம் அதே ஃபடோர்டா. 2015-இல் பல்லாயிரம் கோவாக்காரர்கள் நம்மை எதிர்த்துக் கத்தினார்கள், ஜெயித்தோம். 2020-இல் கத்த ஆளில்லை. ஏடிகே அன்று நம்மைவிடத் தெளிவாக ஆடியது என்று என் மச்சான் சொல்வான். அவன் சொல்வதும் சரிதான்.

பைனலுக்கே போகாமல் கைநழுவிய வருடம் உண்டா?

2014, முதல் சீசன். லீக்கில் முதலிடம் நாம்தான். பிரேசிலின் எலானோ எட்டு கோல் அடித்து அதிக கோல் பட்டியலில் முதலாவது. செமிபைனலில் கேரளா பிளாஸ்டர்ஸ். கொச்சியில் 0–3. அவ்வளவுதான் என்று எல்லாரும் மூட்டை கட்டினார்கள். நேரு ஸ்டேடியத்தில் இரண்டாவது ஆட்டம். சில்வெஸ்டர் ஒன்று, கேரளாவின் ஜிங்கன் காலில் பட்டு ஒன்று, 90-வது நிமிடத்தில் ஜெஜே ஒன்று. மொத்தக் கணக்கு 3–3. அன்று மைதானம் இருந்த இருப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது. எக்ஸ்ட்ரா டைம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, 117-இல், பியர்சன் அடித்துக் கேரளாவைப் பைனலுக்கு அனுப்பிவிட்டார்.

என்னைக் கேட்டால், பைனல் தோல்விகள் இரண்டையும்விட இந்த 117-வது நிமிடம்தான் கனம். அன்று என்னோடு நின்ற கூட்டம் பேசாமல் கலைந்தது. சென்ட்ரல் வரை நடந்தோம், டீ குடித்தோம், ரயில் ஏறினோம். அரக்கோணம் வரும்வரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

லீக்கில் முதலிடம் வந்தவர்தானே சாம்பியன்? பைனல் எதற்கு?

ஐரோப்பிய லீக் பார்த்துப் பழகியவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. 2024–25 சீசன் வரை ஐஎஸ்எல்லில் லீக் முடிந்ததும் செமிபைனல், பைனல் என்று தனிச் சுற்று இருந்தது. அதில் வென்றவருக்குத்தான் கோப்பை. லீக் முதலிடத்துக்கென்று தனியாகக் கேடயம் தர ஆரம்பித்தது 2019–20 சீசனில்தான், முதல் கேடயம் கோவாவுக்குப் போனது. அதற்கு முன் லீக்கில் முதலாவது வந்து பைனலில் சறுக்கினால் கையில் ஒன்றும் இல்லை. 2018-இல் பெங்களூருவுக்கு நேர்ந்தது அதுதான்.

நம் அணி இந்த ஏற்பாட்டால் பிழைத்த அணி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோப்பை வென்ற வருடங்களில் லீக்கில் நாம் மூன்றாவது, இரண்டாவது. லீக்கில் முதலாவதாக வந்த ஒரே வருடம் வெறுங்கை.

கோவாவோடு மட்டும் அப்படி என்ன பகை?

பகை இல்லை, கட்டாயச் சம்பந்தம். 2015 பைனலில் வென்றோம். 2018 செமிபைனலில் அங்கே 1–1, சென்னையில் 3–0, பைனலுக்குப் போனோம். 2019 சூப்பர் கோப்பையில் அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். 2020 செமிபைனல் மறுபடி நமக்கு. 2024-இல் பிளேஆஃப் முதல் சுற்றில் 2–1 என்று நம்மை வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கே திரும்பினாலும் கோவா. பெண் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் அதே புரோக்கர் உட்கார்ந்திருப்பது மாதிரி.

இந்த அணிகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் யாராவது ஆடினார்களா, எல்லாம் வெளிநாட்டார்தானா?

வியாசர்பாடியின் தன்பால் கணேஷ். 2018 செமிபைனலில் கோவாவை நேரு ஸ்டேடியத்தில் 3–0 என்று வென்றபோது ஒரு கோல் அவருடையது, மற்ற இரண்டும் மிசோரமின் ஜெஜே போட்டவை. வியாசர்பாடியிலிருந்து நேரு ஸ்டேடியம் கூப்பிடு தூரம். சொந்த ஊர்க்காரன் சொந்த ஊரில் அணியைப் பைனலுக்கு ஏற்றிய அந்த ராத்திரியை நான் எந்தக் கோப்பைக்கும் கீழே வைக்கமாட்டேன். 2019–20 அணியில் எட்வின் சிட்னி வான்ஸ்பால் இருந்தார். முந்தைய வருடம் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கை வென்ற சென்னை சிட்டி அணியிலிருந்து வந்தவர்.

வேலூர் மாவட்டத்துக்காரர் எப்போது என்று கேட்கிறீர்களா? கோட்டை மைதானத்தில் காலை ஆறு மணிக்கு வெறுங்காலோடு இரண்டு பையன்கள் ஆடுகிறார்கள். அதில் ஒருவனின் இடதுகாலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

வேலூரிலிருந்து போய் ஆட்டம் பார்த்துவிட்டு ராத்திரியே திரும்ப முடியுமா?

முடியும். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர் அளவு, வேகமான ரயிலில் இரண்டு மணி நேரம். சென்ட்ரலிலிருந்து நேரு ஸ்டேடியத்துக்கு ஆட்டோவே வேண்டாம், பெரியமேடு வழியாக நடந்துவிடலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் வியாபாரிகளுக்குப் பெரியமேடு சொந்தத் தெரு மாதிரி, அங்கே வழி கேட்டால் நம் ஊர்ப் பேச்சிலேயே பதில் வரும். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தோடு நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருக்காமல் நடையைக் கட்டினால் மேற்கே போகும் இரவு ரயில் ஏதாவது கிடைக்கும். எக்ஸ்ட்ரா டைம் போனால் மட்டும் கஷ்டம். தவறவிட்டால் பஸ் பிடிக்க வேண்டும், அதற்கு மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டு போங்கள். தண்ணீர் பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள்.

சென்னையில் ஒரு பைனல் நடந்தால் போவீர்களா?

2025 வரை நடந்த பதினொரு ஐஎஸ்எல் பைனலில் ஒன்றுகூடச் சென்னையில் இல்லை. மும்பை, கொச்சி, பெங்களூரு, கொல்கத்தா, கோவா என்று சுற்றிச் சுற்றி வந்தது. நடந்தால் போவேன், அதிலென்ன சந்தேகம். ஆனால் நம் ஆட்களே மைதானம் முழுக்க நிறைந்து நமக்காகவே கத்தினால் என் சித்தாந்தப்படி என்ன ஆகும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஆம்பூர்ப் பையனிடம் இதைச் சொன்னேன். "கவலைப்படாதீங்கண்ணே, நான் வந்து எதிர்க்கட்சி ஸ்டாண்டுல உட்கார்ந்து உங்களைத் திட்டுறேன்" என்றான். சீட்டுக் காசு மட்டும் நான் தரவேண்டுமாம்.